ஹீட் பம்ப் அடியில் தண்ணீர்: நீச்சல் குளம் பார்த்துக்கொள்பவர்களின் அனுபவங்கள்

வீட்டில் குளம் வைத்திருப்பவர்:

காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துக் குளத்துத் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப் போட்ட புதிதில் எங்களை முதலில் பயமுறுத்தியது அதன் அடியில் தேங்கிய தண்ணீர்தான். சொட்டு அல்ல, நல்ல ஒழுக்கு. பார்க்க வந்தவர் உள்ளே குளத்துத் தண்ணீரைச் சூடேற்றும் டைட்டானியம் குழாய் ஓட்டையாகிவிட்டது, அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். பெரிய செலவு என்பதால் அதற்கு முன் ஒரு சோதனை செய்து பார்த்தோம். குளத்துத் தண்ணீருக்குப் பயன்படுத்தும் குளோரின் சோதனைப் பட்டையைத் தேங்கிய தண்ணீரில் நனைத்தோம். நிறம் மாறவே இல்லை. குளத்துத் தண்ணீர் கசிந்திருந்தால் அதில் குளோரின் இருந்திருக்கும். சந்தேகம் தீர இன்னொன்றும் செய்தோம். ஹீட் பம்பை மட்டும் அணைத்துவிட்டு, குளத்து மோட்டாரை ஓட விட்டோம். கொஞ்ச நேரத்தில் ஒழுக்கு அடங்கிவிட்டது. குழாய் ஓட்டை என்றால் மோட்டார் ஓடும்வரை ஒழுகிக்கொண்டேதானே இருக்க வேண்டும்?

விஷயம் இதுதான். காற்றிலிருந்து வெப்பத்தை எடுக்கும்போது காயில் (காற்று படும் குழாய்ச் சுருள்) குளிர்ந்துபோகிறது, காற்றின் ஈரம் அதில் படிந்து வடிகிறது. ஏசியின் வடிகுழாயில் வருகிற அதே தண்ணீர், அளவு மட்டும் அதிகம். புழுக்கமான நாளில் ஒரு மணி நேரத்தில் பல லிட்டர் வரும். இப்போது ஒரு குழாய் வைத்து செடிப் பக்கம் திருப்பிவிட்டோம்.

நீங்கள் பார்த்ததையும் சொல்லுங்கள். குறிப்பாக எதை நாமே செய்யலாம், எதில் கையே வைக்கக்கூடாது என்பது தெரிந்தால் உதவியாக இருக்கும்.

ஏசி மெக்கானிக்:

சரியான சோதனை சார். அந்தப் பட்டை ஒன்றே பல வீடுகளில் தேவையில்லாத செலவைத் தடுத்திருக்கும்.

எனக்கு அதிகம் வருவது "தண்ணீர் ஓட்டம் இல்லை" என்று திரையில் பிழை காட்டுகிற அழைப்புகள். போய்ப் பார்த்தால் மிஷினில் ஒரு குறையும் இருக்காது. குளத்தின் மேல்மட்டக் குப்பையைப் பிடிக்கும் ஸ்கிம்மர் கூடை நிறைய இலை அடைத்திருக்கும். இல்லையென்றால் ஃபில்டர் அழுக்காகியிருக்கும், அல்லது தண்ணீரை மிஷினுக்குள் விடாமல் சுற்றி அனுப்பும் பைபாஸ் வால்வை யாராவது திருப்பி வைத்திருப்பார்கள். மணல் ஃபில்டர் சுத்தமாக இருக்கும்போது அழுத்த மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று சுவரில் எழுதி வையுங்கள். அதைவிட அரை பார் அளவு ஏறினால் பேக்வாஷ் செய்யுங்கள், அதாவது தண்ணீரைத் திருப்பி விட்டு ஃபில்டரைக் கழுவுங்கள். பாதிப் பிழை அதிலேயே போய்விடும்.

ஒரு இடத்தில் இந்தப் பிழை அடிக்கடி வருகிறது என்று தண்ணீர் ஓடுகிறதா என்று பார்க்கும் ஃப்ளோ ஸ்விட்சின் இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கி வைத்திருந்தார்கள். பிழை வருவது நின்றது, எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம் ஒரு நாள் மோட்டார் நின்றுவிட்டது, கம்ப்ரசர் மட்டும் ஓடியிருக்கிறது. உள்ளே அசையாமல் நின்ற தண்ணீர் சூடேறி, பிவிசி இணைப்புகள் வளைந்துபோயின. உயர் அழுத்த ஸ்விட்ச் வேலை செய்து கம்ப்ரசரை நிறுத்தியதால் சேதம் அதோடு நின்றது. பாதுகாப்பு ஸ்விட்ச் தொல்லை கொடுத்தால் ஏன் கொடுக்கிறது என்று தேடுங்கள், அதைத் தாண்டிப் போக வழி தேடாதீர்கள்.

இன்னொரு புகார்: "வெளியே வரும் தண்ணீர் சூடாகவே இல்லை." சூடாகத் தெரியாது. 12 கிலோவாட் மிஷின் வழியாக மணிக்கு 6,000 லிட்டர் போனால், உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் வித்தியாசம் 2 டிகிரிக்கும் குறைவு. கையில் உணர முடியாது, தெர்மாமீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும். 4, 5 டிகிரி வித்தியாசம் வந்தால் நல்ல மிஷின் என்று மகிழ வேண்டாம், தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம்.

50,000 லிட்டர் குளத்தை ஒரு டிகிரி ஏற்ற 58 யூனிட் (கிலோவாட் மணி) வெப்பம் வேண்டும். அதே மிஷினுக்குச் சுமார் 5 மணி நேரம். நல்ல வெதுவெதுப்பான காற்றில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 5 யூனிட் வெப்பம் கிடைக்கும், அதனால் மின்சாரம் 12 யூனிட் அளவில் முடிந்துவிடும். 20 டிகிரியிலிருந்து 28க்குக் கொண்டுபோக, வெப்பம் வெளியேறாது என்று வைத்துக்கொண்டாலும், கிட்டத்தட்ட 40 மணி நேரம். காலையில் போட்டுவிட்டு மாலையில் குளிக்க முடியவில்லையே என்று மிஷினைத் திட்டாதீர்கள்.

குடியிருப்பு வளாகத்தில் குளம் பார்ப்பவர்:

மெக்கானிக் அண்ணன் தண்ணீர் ஓட்டத்தைச் சொன்னார். எங்கள் அனுபவம் அந்தத் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்பதில்.

முன்பு இருந்தவர்கள் குளோரின் மாத்திரைகளை ஸ்கிம்மர் கூடையில் போட்டு வைப்பார்கள். மோட்டார் நின்ற இரவு நேரத்தில் அது அங்கேயே கரையும். ட்ரைகுளோர் என்ற அந்த வகைக் குளோரின் மாத்திரை கரைந்த தண்ணீரின் பிஹெச் 3க்குப் பக்கத்தில் இருக்கும், அவ்வளவு புளிப்பு. காலையில் மோட்டார் போட்டதும் அந்தக் கரைசல் முழுக்க ஹீட் பம்ப் வழியாகத்தான் போகும். எங்கள் பழைய மிஷினில் தாமிர-நிக்கல் குழாய். அது அரித்து, கரைந்த தாமிரம் குளத்துச் சுவரில் நீலப்பச்சைக் கறையாகப் படிந்தது. இப்போது வருகிற டைட்டானியம் குழாய் குளோரினையும் உப்பையும் தாங்கும். ஆனால் வாஷர், சீல் எல்லாம் டைட்டானியம் இல்லையே.

அதனால் வரிசையை மாற்றினோம்: மோட்டார், ஃபில்டர், ஹீட் பம்ப், கடைசியில்தான் குளோரின் கொடுக்கும் கருவி. ஹீட் பம்புக்கும் அந்தக் கருவிக்கும் நடுவில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு, மோட்டார் நின்றதும் குளோரின் பின்னால் ஏறாமல் இருக்க.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. எங்கள் குளத்தில் குளோரின் திரவத்துக்கு ஒரு சின்ன பம்ப், ஆசிட்டுக்கு ஒரு சின்ன பம்ப். இரண்டும் தனி டைமரில் ஓடின. ஒரு விடிகாலையில் பெரிய மோட்டார் காற்று பிடித்து நின்றுவிட்டது, சின்ன பம்புகள் நிற்கவில்லை. ஓட்டமில்லாத குழாய்க்குள் ஆசிட்டும் குளோரினும் சந்தித்தால் வருவது குளோரின் வாயு. மோட்டாரைச் சரிசெய்து திரும்பப் போட்டதும், தண்ணீர் வரும் துவாரங்கள் வழியாக அது குமிழ் குமிழாகக் குளத்துக்குள் வந்தது. நாற்றத்திலேயே தெரிந்துவிட்டது. அந்த நேரத்தில் தண்ணீரில் யாரும் இல்லை. இப்போது பெரிய மோட்டார் ஓடி, குழாயில் தண்ணீரும் ஓடினால்தான் சின்ன பம்புகளுக்கு மின்சாரம் போகும். மோட்டார் நின்று திரும்ப ஓடினால் முதலில் எல்லோரையும் கரையேற்றுகிறோம், குழந்தைகள் எவ்வளவு முகம் சுளித்தாலும்.

ஆசிட் கேனை ஹீட் பம்ப் பக்கத்தில் வைக்காதீர்கள். மூடி இறுக்கமாக இருந்தாலும் ஆவி வெளியேறும். எங்கள் மிஷினின் அலுமினியத் தகடுகள் வெள்ளைப் பொடியாக உதிர்ந்ததற்கு அதுதான் காரணம் என்றார்கள்.

எலக்ட்ரீஷியன்:

மழை பெய்தால் ஹீட் பம்ப் ட்ரிப் ஆகிறது என்று ஒரு வீட்டில் கூப்பிட்டார்கள். அங்கே இருந்தது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி. "அதை எடுத்துவிட்டுச் சாதாரண பிரேக்கர் போட்டால் போதும்" என்று பக்கத்து வீட்டில் யோசனை வேறு. சாதாரண பிரேக்கர் வயரைத்தான் காக்கும். ஈர உடம்போடு நிற்கிற ஆளைக் காப்பது அந்த 30 மில்லி ஆம்பியர்தான். தேடினால், ஜங்ஷன் பெட்டிக்குள் கேபிள் மேல்பக்கமாக நுழைந்திருந்தது, மழைத் தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்கியிருக்கிறது. கீழ்ப்பக்கமாக மாற்றினேன், அதற்கப்புறம் ட்ரிப் இல்லை.

குளத்து ஏணியைப் பிடிக்கும்போது லேசாகச் 'சுருக்' என்றால் அன்றைக்கே குளத்தை மூடுங்கள். ஏணி, கைப்பிடி, மோட்டார் உடல், ஹீட் பம்ப் சட்டம், கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி எல்லாவற்றையும் ஒரே இணைப்பில் கட்டியிருக்க வேண்டும். எர்த் மட்டும் இருந்தால் போதாது. இணைப்பு இல்லாத இரண்டு உலோகங்களை ஈரக் கையால் ஒரே நேரத்தில் தொட்டால், அவற்றுக்கு இடையிலான வோல்டேஜ் நம் உடம்பில் வந்து சேரும்.

தூரமும் முக்கியம். ஐஇசி என்ற சர்வதேச மின்தர அமைப்பின் விதிகளில் குளத்து விளிம்பிலிருந்து 2 மீட்டர் ஒரு மண்டலம், அதற்கப்புறம் 1.5 மீட்டர் இன்னொன்று. இரண்டையும் தாண்டி, அதாவது 3.5 மீட்டருக்கு அப்பால், மிஷின் இருந்தால் பாதித் தலைவலி இல்லை.

மூடியைக் கழற்றும் வேலை உங்களுக்கு வேண்டாம். மெயினை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும்.

குளிர் பிரதேசத்தில் இருப்பவர்:

இங்கே காயிலில் வெள்ளையாக உறைபனி பிடிப்பது சகஜம். காற்று 7, 8 டிகிரிக்குக் கீழே போனால் ஆரம்பிக்கும். மிஷின் தானாகவே சுழற்சியைத் திருப்பி, குளத்து வெப்பத்தில் கொஞ்சம் எடுத்து அதை உருக்கிக்கொள்ளும். அப்போது விசிறி நிற்கும், புஸ்ஸென்று சத்தம் வரும், ஆவி கிளம்பும். முதல் தடவை பார்த்தபோது எங்கள் வீட்டில் தீப்பிடித்துவிட்டது என்றே ஒருவர் ஓடிவந்தார்! ஸ்க்ரூ டிரைவரால் பனியைச் சுரண்டக் கூடாது. காயில் குழாய் மெல்லியது, குத்தினால் உள்ளே இருக்கும் குளிரூட்டி கேஸ் போய்விடும்.

கடுங்குளிர் காலத்தில் குளத்தை மூடுபவர்கள் ஹீட் பம்பின் உள்ளே நிற்கும் தண்ணீரை முழுக்க வடித்துவிடுங்கள். உறையும் தண்ணீர் சுமார் 9 சதவீதம் பெருக்கும், அதைத் தாங்குகிற குழாய் இல்லை. குழாயை மிஷினோடு இணைக்கும் யூனியனைக் கழற்றி இரண்டு வாயையும் திறந்தே விடாமல் மூடி வையுங்கள், எலி கூடு கட்டும்.

ஏசி மெக்கானிக்:

வெதுவெதுப்பான நாளிலேயே பனி பிடித்த மிஷினையும் பார்த்திருக்கிறேன். சத்தம் கேட்கக் கூடாது, பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று சுற்றிப் பெட்டி கட்டியிருந்தார்கள். விசிறி வெளியே தள்ளிய குளிர்ந்த காற்றையே மிஷின் திரும்பத் திரும்ப இழுத்தது. ஒரு பக்கப் பலகையைக் கழற்றியதும் சரியாகிவிட்டது. காற்று வெளியேறும் பக்கத்தில் பல மீட்டர் இடம் விடச் சொல்லி மிஷினோடு வரும் புத்தகத்தில் போட்டிருப்பார்கள், யார் படிக்கிறார்கள்?

மூடிய அறை வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. புது மிஷின்களில் ஆர்-32 கேஸ், சிலவற்றில் ஆர்-290. முதலாவது லேசாகத் தீப்பிடிக்கக்கூடியது, இரண்டாவது சுத்தமான புரோப்பேன். இரண்டுமே காற்றைவிடக் கனம், கசிந்தால் தாழ்வான இடத்தில் போய்த் தங்கும். பள்ளமான பம்ப் அறைக்குள் வைக்கவே கூடாது. கேஸ் தானாகத் தீர்ந்துபோகிற பொருளும் அல்ல. "வருஷா வருஷம் கேஸ் ஏற்ற வேண்டும்" என்று யாராவது சொன்னால், கசிவு எங்கே என்று அவரிடமே கேளுங்கள்.

நீச்சல் பயிற்சியாளர்:

நான் மிஷினைத் தொட்டதே இல்லை, வெப்பநிலைச் சண்டையில் நடுவராக இருப்பதுதான் என் வேலை. போட்டி நீச்சலுக்கு 25 முதல் 28 டிகிரி. வேகமாக நீந்துபவருக்கு 30 டிகிரியில் தலைசுற்றலாம். கைக்குழந்தை வகுப்புக்கு 30க்கு மேல் வேண்டும். ஒரே குளத்தில் இரண்டு தரப்பையும் திருப்திப்படுத்த முடியாது. ஒரு பெற்றோர் வந்து ஏற்றுவார், அடுத்தவர் வந்து இறக்குவார். கடைசியில் கண்ட்ரோலரைப் பூட்டிவிட்டார்கள், எனக்கு நிம்மதி. தண்ணீர் சூடாக ஆக குளோரினும் வேகமாகத் தீரும், பாசியும் சீக்கிரம் பிடிக்கும்.

மூடுதிரை இல்லாமல் ஹீட் பம்ப் ஓட்டுவது வீண். சராசரி 1.4 மீட்டர் ஆழக் குளத்தில் ஒரே ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் ஆவியானால் குளம் 0.4 டிகிரி குளிரும். காற்றடிக்கிற இரவில் பல மில்லிமீட்டர் போகும். ஆனால் நீந்தும்போது திரையை முழுவதும் சுருட்டிவிட வேண்டும். பாதி மூடிய குளத்தில் குழந்தை திரைக்கு அடியில் மாட்டிக்கொண்டால் மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. இதில் நான் யாரிடமும் சமரசம் செய்வதில்லை.

வீட்டில் குளம் வைத்திருப்பவர்:

எல்லோருக்கும் நன்றி. காயிலில் படியும் தூசியை நாங்களே கழுவலாமா? வீட்டில் கார் கழுவும் பிரஷர் வாஷர் இருக்கிறது.

ஏசி மெக்கானிக்:

பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம், தகடுகள் மடங்கிக் காற்று போகாது. மெயினை அணைத்துவிட்டு, மென்மையான பிரஷால் தகடு போகும் திசையிலேயே மேலிருந்து கீழாகத் தட்டிவிடுங்கள். அப்புறம் தோட்டத்துக் குழாயில் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள், மின்சாரப் பெட்டி இருக்கும் பக்கம் தவிர. திரும்பப் போட்டதும் உடனே ஓடவில்லை என்று பட்டனை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். கம்ப்ரசரைக் காக்க 3 நிமிடமாவது காத்திருந்துதான் அது கிளம்பும்.