கலைச்சொல் தேவை: சுறாத் தோலின் நுண்பல்

சென்னையிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். மீன்காட்சியகம் ஒன்றின் விளக்கப் பலகைகள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகின்றன. 'டெர்மல் டென்டிக்கிள்' என்பதில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். சுறாவின் உடல் முழுக்க இருக்கும் நுண்முட்கள் அவை. உள்ளே கூழ், அதன்மேல் டென்டீன் என்னும் கடினமான பல்திசு, மேலே எனாமல் போன்ற பூச்சு, அதாவது நம் பல்லின் கட்டமைப்பேதான். வேளா மீனின் வாள் போல் நீண்ட மூக்கில் வரிசைகட்டி நிற்கும் பற்களும் இவை பெருத்து உருமாறியவையே. இரண்டுக்கும் பொருந்தும் சொல் வேண்டும்.

ஈரோட்டிலிருந்து:
தோல் + பல் = தோற்பல். இலக்கணம் சுத்தம், இரண்டே உறுப்பு. இதற்குமேல் என்ன வேண்டும்?

மதுரையிலிருந்து:
நான் எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவள். 'தோற்பல்' என்றால் பிள்ளைகள் 'தோற்ற பல்' என்றுதான் படிப்பார்கள். பாடநூலில் இவற்றைப் 'பிளாக்காய்டு செதில்' என்றே படித்து வந்திருக்கிறோம், அதையே போட்டுவிடலாமே.

ஈரோட்டிலிருந்து:
அம்மா, தோற்பாவைக் கூத்து என்னும்போது யாருக்கும் தோல்வி நினைவுக்கு வருவதில்லையே. பழகாத சொல் முதலில் இடறத்தான் செய்யும். பிளாக்காய்டுக்கு அவ்வளவு இடம் கொடுக்கும் நாம் நம் சொற்புணர்ச்சிக்குக் கொஞ்சம் கொடுக்கக் கூடாதா?

தஞ்சாவூரிலிருந்து:
சொல் மீனின் பெயரிலேயே இருக்கிறது என்பது என் கருத்து. சுறா, சுறவு என்பன சொரசொரப்பு என்னும் வேரிலிருந்து வந்திருக்க வேண்டும். எனவே 'சுறல்' என ஆக்கலாம். பட்டினப்பாலையில் பரதவர் 'சினைச் சுறவின் கோடு நட்டு' வழிபடுகிறார்கள். அந்தக் கோடு, அதாவது கொம்பு, வேளாவின் வாளாகத்தான் இருக்கும், வேறெந்தச் சுறாவுக்கு நடுமளவு கொம்பு உண்டு? தை மாதத்துக்குச் சுறவம் என்று பெயர் வைத்ததும், காமனைச் சுறவக்கொடியோன் என்றதும்...

ஈரோட்டிலிருந்து:
ஐயா, சொரசொரப்பில் இருப்பது இடையின ரகரம், சுறாவில் வல்லின றகரம். வேர் ஒன்று என்று எப்படிச் சொல்வது? மாதப் பெயர்களைத் தனி இழையில் பேசுவோம்.

தூத்துக்குடியிலிருந்து:
எங்க வீட்டில் சுறாப் புட்டுக்குமுன் வெந்நீர் ஊற்றிச் சுரண்டுவோம், மணல் மணலாக உதிரும். அம்மா அதை 'மண்ணு' என்றுதான் சொல்வார்கள். பலகையைப் படிக்க வருகிறவர்களில் பாதிப்பேர் இதைக் கையால் தொட்டவர்கள். அவர்களுக்குப் பல் என்று சொன்னால் ஆச்சரியம் வரும். அந்த ஆச்சரியம்தான் வேண்டும், ஆகவே பல் என்ற சொல் கட்டாயம் இருக்கட்டும்.

கோவையிலிருந்து (கருவளர்ச்சி உயிரியல்):
பல்லை விடவே முடியாது. எலும்பு மீனின் செதில் மீனோடு சேர்ந்து வளரும். இது வளராது. மீன் பெரிதாகும்போது புதியது முளைத்து இடைவெளியை நிரப்பும், பழையது விழும். பூனைச்சுறாவின் கருவில் முதலில் முதுகில் இரண்டு வரிசை தோன்றி, அவற்றை ஒட்டி அடுத்தடுத்தவை முளைக்கின்றன. வேதிப்பொருட்கள் ஒன்றோடொன்று வினைபுரிந்து பரவுவதாலேயே ஒழுங்கான வடிவங்கள் உருவாகலாம் என்று 1952இல் கணிதவியலாளர் டூரிங் சொன்ன வினை–பரவல் கணக்கு இந்த அமைப்புக்குப் பொருந்துவதை 2018இல் காட்டினார்கள். கோழிக்குஞ்சின் இறகு வரிசைக்கும் ஏறத்தாழ இதே வழிதான். அதனால் 'செதில்' ஆகாது. ஆனால் 'தோல்' என்பதிலும் ஒரு சிக்கல்: திமிங்கலச் சுறாவுக்குக் கண்ணின் மேற்பரப்பிலேயே இவை இருப்பதை 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். கண்ணில் முளைத்ததைத் தோற்பல் என்பதா? என் வாக்கு 'மேற்பல்'லுக்கு.

மதுரையிலிருந்து:
மேற்பல் என்றால் மேல்தாடைப் பல் ஆகிவிடும், சார். பற்செதில் என்று வைத்தால் இரண்டும் வந்துவிடுகிறது, பாடநூலோடும் ஒத்துப்போகும்.

தூத்துக்குடியிலிருந்து:
பற்செதில் சரி.

சென்னையிலிருந்து:
நேரம் இல்லை. தஞ்சை ஐயாவும் தனி மடலில் அரைமனதாக ஒப்புக்கொண்டார். 'பற்செதில்' என்றே அனுப்புகிறேன். அது முளைக்கும் விதத்தைப் பலகையின் இரண்டாம் பத்தியில் சேர்த்துவிட்டேன்.

கோவையிலிருந்து:
அனுப்புங்கள். ஆனால் செதில் வளரும், இது வளராது. என் மாணவர்களுக்கு நான் தோற்பல் என்றே சொல்லப்போகிறேன், கண்ணுக்கு மட்டும் ஓர் அடிக்குறிப்போடு.