சிக்குன்குனியாவும் தொண்ணூறு வயசுத் தாத்தாவும்

பங்குனி உத்திரத்துக்கு நாலு நாள் இருக்கும்போது காய்ச்சல் வந்துச்சு. அஞ்சாம் நாள் காய்ச்சல் விட்டுது, மூட்டு விடல. காலையில விரல் மடங்காது. சட்டைப் பொத்தான் போட வீட்டுக்காரிதான் வரணும். சிக்குன்குனியா. டெங்கு இல்லைன்னு தெரியுற வரைக்கும் பாராசிட்டமால் தவிர வேற வலி மாத்திரையைத் தொடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அம்மா பங்குக்கு நிலவேம்புக் கசாயம்.

சித்திரைக் கடைசியில பாளையங்கோட்டையில வம்சாவளி பத்தி ஒரு கருத்தரங்கு. எனக்கு இருபது நிமிஷம். எங்க குடும்ப மரத்தை ஏழு தலைமுறைக்கு வரைஞ்சு வச்சிருந்தேன். மிச்ச சந்தேகத்தை உத்திரத்தன்னைக்குச் சாஸ்தா கோயில்ல கேட்டுக்கலாம்னு கணக்கு. எங்க பிழைக்கப் போனாலும் நம்ம பக்கத்துச் சனம் அன்னைக்குக் குலதெய்வத்தைத் தேடி வந்துருமே. நான் மட்டும் கட்டில்ல.

ஆனா கோயிலுக்கு வந்தவங்க திரும்புற வழியில என்னைப் பார்க்க வந்தாங்க, ஹார்லிக்ஸ், சாத்துக்குடியோட. மும்பை அத்தான், தூத்துக்குடி மதினி, எண்பத்தேழு வயசுப் பெரியாச்சி. உடம்பைப் பத்தியே எவ்வளவு நேரம் பேசுறது? சுவத்துல ஒட்டியிருந்த மரத்தைக் காட்டினேன்.

"இவரைப் பாருங்க ஆச்சி. ரெண்டு பத்திரத்துல பேரு இருக்கு. நம்ம பக்கத்துப் பழைய கொல்லம் ஆண்டுக் கணக்குல ஒண்ணு 1032 ஆவணி, இன்னொண்ணு 1091 தை. இங்கிலீஷ் வருஷத்துக்கு ஆவணியில இருந்து மார்கழிப் பாதி வரைக்கும் 824 கூட்டணும், அதுக்கு மேல 825. அப்போ 1856, 1916. மொதப் பத்திரத்துல முப்பது வயசுன்னு வச்சாலும் கடைசியில தொண்ணூறு!"

பெரியாச்சி பொக்கைவாய் தெரியச் சிரிச்சா. "ஏலே, நம்ம வீட்டு ஆம்பிளையள்ல எழுபதைக் கண்டவிய யாருலே? மொதப் பத்திரம் தாத்தா எழுதினது. மத்தது பேரன். கொழும்புல கடை வச்சிருந்தாவல்லா, அவிய."

தாத்தா பேரைத் தாங்குறவன்தான் பெயரன், பேரன். அது தெரிஞ்சும் ரெண்டு ஆளை ஒண்ணா ஒட்டி வச்சிருந்தேன். நடுவுல ஒரு மனுசரையே காணாம அடிச்சிருக்கேன்! அவர் பேரு எந்தப் பத்திரத்திலயும் இல்ல, பெரியாச்சி வாயிலதான் இருந்துச்சு. எங்க வீட்டு ஆம்பிளைகளுக்குச் சுத்திச் சுத்தி மூணே பேருதாங்கிறதால, மத்த கட்டங்களையும் அன்னைக்கே சரிபார்த்தோம். எனக்குப் பேனா பிடிக்க முடியல, மகதான் எழுதினா. ஏழு தலைமுறை ஒன்பதாச்சு.

கருத்தரங்குல உட்கார்ந்துதான் பேசினேன். மைக்கை மக பிடிச்சுக்கிட்டா.

*

அண்ணாச்சி, உங்க பதிவைப் படிச்சேன். நான் டைபாய்டுல மூணு வாரம் கிடந்து எங்க குடும்பக் கணக்கை எடுத்தேன். எங்களுக்குக் கொல்லம் தொல்லை இல்ல. சர்ச் ஞானஸ்நானப் பதிவேட்டுல இங்கிலீஷ் தேதியே இருக்கு. ஆனா ஞானஸ்நானத்தோட பூட்டனாருக்குப் பேரு மாறிட்டு. பழைய பேரு தெரியல. அதுக்கு மேல மரம் ஏற மாட்டேங்குது.

*

தங்கச்சி, பூட்டனாரோட அண்ணன் தம்பியில யாராவது கிறிஸ்தவ வேதத்துக்கு மாறாம இருந்திருந்தா, அவிய வழி வந்தவங்க இன்னும் ஏதாவது சாஸ்தா கோயிலுக்குப் போய்க்கிட்டுத்தான் இருப்பாவ. பூர்வீக ஊர்ல வயசானவங்ககிட்ட எந்தச் சாஸ்தான்னு முதல்ல கேளுங்க. உத்திரத்தன்னைக்கு அங்க போய் நின்னா யாராவது சொல்லுவாவ. ஒத்தை விரல்ல தட்டுறேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.