இரண்டு கிட்டார், இரண்டு மைக், ஒரே ப்ராசஸர்: சரிவருமா?

ஆறுகம்பி:
எங்கள் குழுவில் நான் ஒரு கிட்டார், நண்பன் ஒரு கிட்டார். பாடுவதும் நாங்கள் இருவர்தான். ஆளுக்கொரு பெடல்போர்டு, பாட்டுக்குத் தனியாக ஒரு எஃபெக்ட்ஸ் பெட்டி என்று சுமக்கிறோம். மேடையில் வயர் மாட்டி முடிக்கவே அரை மணி நேரம் ஆகிவிடுகிறது. என்னிடம் பெடல், ஆம்ப், ரிவெர்ப் எல்லாவற்றின் வேலையையும் ஒரே பெட்டியில் செய்யும் பெரிய டிஜிட்டல் ப்ராசஸர் ஒன்று இருக்கிறது: கிட்டாருக்கு ஒரு இன்புட், மைக்குக்கு ஒரு இன்புட், பின்பக்கம் நாலு சென்ட் (கூடுதல் அவுட்புட்), நாலு ரிட்டர்ன் (கூடுதல் இன்புட்). எல்லாவற்றையும் இதற்குள்ளேயே விட்டு, இரண்டே வயராக மிக்சருக்கு அனுப்ப ஆசை. போன வாரம் ஒத்திகையில் இரண்டு வயரை ஒன்றாக்கும் ஒய் கேபிள் போட்டு இரண்டு கிட்டாரையும் ஒரே இன்புட்டில் செருகினேன். க்ளீன் டோனே மங்கிப்போனது. ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனை மிதித்ததும் இரண்டு பேர் வாசிப்பதும் சேறாகக் குழம்பிவிட்டது. எங்கே தப்பு?

மரப்பெட்டி:
தம்பி, மாட்டிய விதம் தப்பு. ஆனால் சரியாக மாட்டினாலும் இந்த யோசனையே வேண்டாம் என்பதுதான் என் கட்சி. முதலில் ஒய் கேபிள். பேசிவ் பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பேட்டரி இல்லாத காந்தச் சுருள், தன் குரலை முழுசாகக் காட்ட, எதிரே 1 மெகா ஓம் அளவுக்கு இன்புட் இம்பீடன்ஸ் (மின் எதிர்ப்பு) வேண்டும். ஒய் கேபிளில் உங்கள் பிக்கப்புக்கு எதிரே நிற்பது ப்ராசஸர் மட்டுமல்ல, நண்பரின் கிட்டாரும்தான். அது உங்கள் சிக்னலைப் பாதி விழுங்கிவிடும். ஒன்று கேட்கிறேன்: நண்பர் தன் வால்யூமை முழுக்கக் குறைத்தபோது உங்கள் கிட்டாரும் செத்துப்போனதா?

ஆறுகம்பி:
ஆமாம் அண்ணா! சோலோ நடுவில் அப்படியே நின்றுவிட்டது. கேபிள் போய்விட்டது என்று நினைத்து இரண்டு கேபிள் மாற்றினேன்.

மரப்பெட்டி:
கேபிளில் ஒன்றும் இல்லை. வால்யூம் பாட் (கிட்டாரின் வால்யூம் குமிழ்) சுழியத்துக்கு வரும்போது அவுட்புட்டை கிரவுண்டோடு சேர்த்துவிடும். இரண்டு கிட்டாரும் ஒரே வயரில் இருந்தால் இரண்டுமே கிரவுண்டுக்குப் போகும். அதனால்தான் சொல்கிறேன், ஆளுக்கொரு பெட்டி. அவரவர் காலடியில் அவரவர் பெடல்.

சுற்றுப்பாதை:
ஒய் கேபிள் விஷயத்தில் மரப்பெட்டி அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் அதை வைத்து "ஒரே பெட்டி கூடாது" என்ற முடிவுக்குப் போவதை நான் ஏற்கவில்லை. சேறானதற்குக் காரணம் ஒரே பெட்டி அல்ல. டிஸ்டார்ஷனுக்கு முன்னாலேயே இரண்டு கிட்டாரும் கலந்ததுதான் காரணம்.

நீங்கள் 220 ஹெர்ட்ஸ் ஏ சுரம் வாசிக்கிறீர்கள், நண்பர் சி, அதாவது சுமார் 261.6 ஹெர்ட்ஸ். தனித்தனி டிஸ்டார்ஷன் என்றால் அவரவர் சுரத்தின் மடங்குகள் மட்டும் கூடும். ஒரே டிஸ்டார்ஷனுக்குள் இரண்டும் போனால் இவற்றின் கூட்டலும் கழித்தலும் புதிதாகப் பிறக்கும். கூட்டினால் 481.6. அது பி ஃப்ளாட்டுக்கும் பி-க்கும் நடுவே தொங்குகிற ஒலி. நீங்கள் இருவருமே வாசிக்காதது. இப்படி ஒவ்வொரு கம்பிக்கும் ஒவ்வொரு மடங்குக்கும் நடக்கும்போது சேறாகாமல் என்ன ஆகும்?

சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் கம்ப்ரஸருக்கும் இதே கதைதான். ஒருவர் ஓங்கி அடித்தால் மற்றவர் சத்தம் அமுங்கும். ரிவெர்ப் (அறை முழக்கம்), டிலே (எதிரொலி) அப்படி அல்ல. அவற்றில் கலந்து அனுப்பினாலும் தனித்தனியே அனுப்பிக் கலந்தாலும் விளைவு ஒன்றுதான். ஆக டிஸ்டார்ஷன், ஆம்ப் மாடல் (ஆம்ப்பின் டிஜிட்டல் நகல்), கம்ப்ரஸர் எல்லாம் தனித்தனிப் பாதையில். ரிவெர்ப் வேண்டுமானால் பொதுவில். உங்கள் பெட்டியில் இணைப் பாதைகள் இருக்கும், பாருங்கள். ஹெலிக்ஸ் ஃப்ளோர் என்ற ப்ராசஸரில் இரண்டு பாதை, ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரிக்கலாம். குவாட் கார்டெக்ஸ் என்ற இன்னொன்றில் நாலு வரிசை. அதன் இரண்டு இன்புட்டும் கிட்டார், மைக் இரண்டையும் ஏற்கும். இவ்வளவும் சும்மா கிடக்க இன்னொரு பெட்டி எதற்கு?

மரப்பெட்டி:
காகிதத்தில் எல்லாம் சரி. மேடையில் என்ன நடக்கும்? நீங்கள் சோலோவுக்காக பிரீசெட்டை, அதாவது சேமித்து வைத்த மொத்த அமைப்பை, மாற்றுகிறீர்கள். அந்த நொடியில் நண்பரின் கிட்டார் துண்டாகிறது, பாடிக்கொண்டிருப்பவர் குரலின் ரிவெர்ப் பாதியில் அறுந்து விழுகிறது. ஒருவர் காலால் மிதிப்பதற்கு நாலு சிக்னல் தண்டம் கட்ட வேண்டுமா? இன்னொன்று, பெட்டி ஹேங் ஆனால் முழுக்குழுவும் ஊமை. ஒரு நிகழ்ச்சியில் பவர் அடாப்டர் கழன்று, ப்ராசஸர் மறுபடி எழும்பி வரும்வரை நான் கூட்டத்தின் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருக்கிறேன். அப்போது பாட்டாவது தனி வழியில் போனது, பாடகர் சமாளித்தார்.

சுற்றுப்பாதை:
பிரீசெட் மாற்றவே தேவையில்லை. ஒரு பாட்டுக்கு ஒரே பிரீசெட்; அதற்குள் ஸ்னாப்ஷாட் (அதே பிரீசெட்டின் வேறு நிலை), இல்லையென்றால் தனித்தனி எஃபெக்ட் பிளாக்கை ஆன், ஆஃப். துண்டாகாது. ப்ராசஸிங் திறன் தீர்ந்துபோகும் என்பதைத்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். இரண்டு ஆம்ப் மாடலும் இரண்டு நல்ல ரிவெர்பும் சேர்ந்தால் பெட்டி திணறும். அதற்காகத்தான் ரிவெர்பைப் பொதுவில் வைக்கச் சொன்னேன். பவர் போனால் எல்லாம் போகும் என்பதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

ஒலிமேசை:
மிக்சருக்குப் பின்னால் நிற்பவன் என்ற முறையில் சொல்கிறேன். கிட்டார்களைப் பற்றி நீங்கள் எப்படி வேண்டுமானாலும் முடிவு செய்யுங்கள். குரலை மட்டும் அந்த இரண்டு வயருக்குள் கலந்து என்னிடம் தராதீர்கள். நாலும் கலந்து வந்தால், பாட்டு கேட்கவில்லை என்று கூட்டத்தில் ஒருவர் கை காட்டும்போது நான் எதை ஏற்றுவேன்? குரலை ஏற்றினால் கிட்டாரும் கூடவே ஏறும். மானிட்டர் ஃபீட்பேக் அடித்தால் எந்த மைக் என்று பிடிக்கக்கூட முடியாது.

லேட்டன்சியும் இருக்கிறது. இப்படிப்பட்ட பெட்டிகளில் உள்ளே போய் வெளியே வர இரண்டு மூன்று மில்லிசெகண்ட் ஆகும். கிட்டாருக்கு அது ஒன்றுமே இல்லை, ஸ்பீக்கரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்பது மாதிரிதான். பாடுபவருக்கு அப்படி இல்லை. தன் குரல் அவருக்கு எலும்பு வழியாக உடனே கேட்கிறது, இயர்போனில் 3 மில்லிசெகண்ட் தாமதமாக வருகிறது. இரண்டும் மோதும்போது 167 ஹெர்ட்ஸ், 500 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம் விழும். "என் குரல் குழாய்க்குள்ளிருந்து வருகிறது" என்று பாடகர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கு வழி இருக்கிறது. மைக் இரண்டும் நேராக மிக்சருக்கு வரட்டும். அங்கிருந்து ஆக்ஸ் சென்ட் (மிக்சரின் துணை அவுட்புட்) வழியாகக் குரலை உங்கள் ப்ராசஸரின் ஒரு ரிட்டர்னில் கொடுக்கிறேன். ரிவெர்பை 100 சதவீதம் வெட்டாக (அசல் குரல் கலக்காமல் ரிவெர்ப் மட்டும்) வைத்து, தனி சென்ட் வழியே எனக்குத் திருப்பி அனுப்புங்கள். அசல் குரல் பெட்டிக்குள் போவதே இல்லை, அதனால் தாமதம் ரிவெர்புக்கு மட்டும்தான்; அது யாருக்கும் தெரியாது. பெட்டி செத்தாலும் குரல் நிற்காது. ஒரே எச்சரிக்கை: ரிவெர்ப் திரும்பி வரும் சேனலில் அதே ஆக்ஸ் குமிழ் சுழியத்தில் இருக்க வேண்டும். கொஞ்சம் திறந்திருந்தாலும் ரிவெர்ப் தன்னையே சுற்றிச் சுற்றி ஊளையிடும்.

ஆறுகம்பி:
அப்படியானால் இரண்டாவது கிட்டாரை எதில் செருகுவது? மைக் இன்புட் காலியாகத்தானே இருக்கிறது?

சுற்றுப்பாதை:
நேராக வேண்டாம், அது மைக்கின் இம்பீடன்ஸுக்காக அமைந்தது. டிஐ பாக்ஸ் வழியாக என்றால் சரி. டிஐ என்ற அந்தச் சின்னப் பெட்டியின் வேலையே கிட்டார் சிக்னலை மைக் அளவுக்கு இறக்குவதுதான். இல்லையென்றால் ஒரு ரிட்டர்னில் விடுங்கள், ஆனால் முன்னால் ஒரு பஃபர் (பிக்கப்பின் பலவீனமான சிக்னலைத் தாங்கிக் கொடுக்கும் சர்க்யூட்) கட்டாயம். நண்பரின் பழைய பெடல்போர்டில் பஃபர்டு பைபாஸ் உள்ள, அதாவது ஆஃப் செய்தாலும் பஃபர் வேலை செய்யும் பெடல் ஒன்றை எடுத்து வைத்தாலே போதும். பஃபர் இல்லாமல் செருகினால் ட்ரெபிள் மறுபடி செத்துப்போகும்.

மரப்பெட்டி:
ஒலிமேசை சொன்ன குரல் வழியை நான் முழுசாக ஏற்கிறேன். கிட்டார்களில் என் நிலை மாறவில்லை. குறைந்தது இரண்டு கிட்டாரையும் ஸ்டீரியோவாகக் கலக்காமல், ஒன்று இடது அவுட், இன்னொன்று வலது அவுட் என்று தாருங்கள்.

சுற்றுப்பாதை:
அதில் ஒரு பொறி இருக்கிறது அண்ணா. பொது ரிவெர்பும் பிங்பாங் டிலேயும் இடம் வலமாகத் தாவும். உங்கள் டிலே நண்பரின் சேனலில் போய் விழும். இடது வலது பிரிப்பதென்றால் கிட்டாருக்கான ரிவெர்ப், டிலே எல்லாமே ஒவ்வொரு பாதையிலும் தனித்தனி மோனோவாக இருக்க வேண்டும். பொதுவில் வைக்கச் சொன்ன என் யோசனையை இந்த இடத்தில் நானே திரும்பப் பெறுகிறேன்.

ஆறுகம்பி:
நேற்று ஒத்திகையில் செய்து பார்த்தேன். என் கிட்டார் முன் இன்புட்டில், நண்பனுடையது பஃபர் வழியாக ரிட்டர்னில், இரண்டும் தனி ஆம்ப் மாடல், தனி மோனோ டிலே, இடதும் வலதுமாக வெளியே. குரல் ஒலிமேசை சொன்ன வழியில். நண்பன் வால்யூமை முழுக்கக் குறைத்தான். என் சத்தம் அசையவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் டிஸ்டார்ஷனில் வாசித்தபோது முதல் தடவையாக அவன் என்ன வாசிக்கிறான் என்று எனக்குக் கேட்டது. மிக்சரோடு இணைத்ததும் லேசாக ஒரு ஹம் (இரைச்சல்) வந்தது, கிரவுண்ட் இணைப்பைத் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தள்ளியதும் போய்விட்டது. ஒரே ஒரு சிக்கல்: பெட்டி என் காலடியில் இருப்பதால் அவன் சோலோவுக்கும் நான்தான் மிதிக்க வேண்டியிருக்கிறது.

மரப்பெட்டி:
அதைத்தான் நான் முதலிலிருந்தே சொன்னேன் தம்பி, அவரவர் காலடி. பெட்டியைத் தள்ளி நின்று காலால் இயக்க, அவருக்கு மிடி ஃபுட் கன்ட்ரோலர் ஒன்று வாங்கிக் கொடுங்கள். அப்புறம், பெட்டி செத்தால் கிட்டாரை நேராக மிக்சருக்கு விட ஒரு டிஐ பாக்ஸைப் பக்கத்தில் சும்மாவேனும் வைத்திருங்கள்.