ராட்டினம் ஏறினாலே குமட்டல்: கண்ணை மூடுவதா, திறந்து வைப்பதா?

பைக்காவலர் எழுதியது:

சின்ன வயதில் எந்த ராட்டினத்தையும் விட்டதில்லை. இறங்கிய கையோடு மறுபடியும் வரிசையில் போய் நிற்கிற ஆள் நான். நாற்பதை நெருங்க நெருங்க எல்லாம் மாறிப்போனது. இப்போது கோப்பை ராட்டினத்தில் உட்கார்ந்து எழுந்தாலே வாயில் நீர் ஊறுகிறது, உள்ளங்கை சில்லிடுகிறது, மிச்ச நாள் முழுக்கப் படுக்கத்தான் தோன்றுகிறது. அதனால் எங்கே போனாலும் எல்லோருடைய பையையும் செருப்பையும் காவல் காக்கும் பொறுப்பு என்னுடையது. பெயர்க்காரணம் புரிந்திருக்கும்.

அடுத்த மாதம் அக்கா குடும்பத்தோடு தீம் பார்க் போகிறோம். என் மகளுக்கு ஒன்பது வயது. "நீயும் என்கூட ஏறணும்மா" என்று இப்போதே ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கும் கார் பின்சீட்டில் படம் பார்த்தால் குமட்டும், ஆனால் ராட்டினம் என்றால் அதையெல்லாம் மறந்துவிடுவாள்.

யோசனை சொல்ல ஆளுக்குக் குறைவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொள் என்கிறாள் அக்கா. மூடவே கூடாது, தூரத்தில் ஒன்றைப் பார் என்கிறார் அத்தான். வெறும் வயிற்றோடு வா என்கிறாள் தோழி. கண்ணை மூடுவது எனக்கு ஒரு ராட்டினத்தில் உதவியது, இன்னொன்றில் நிலைமையை இன்னும் மோசமாக்கியது. ஏன் என்று புரியவில்லை. எனக்கு ஒற்றைத் தலைவலியும் உண்டு. இரண்டுக்கும் தொடர்பு இருக்குமா? மாத்திரை போட்டால் நாள் முழுக்கத் தூங்கி வழிவேனோ?

"ஏறாமல் இருங்கள்" என்ற பதில் மட்டும் வேண்டாம். அதை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டாயிற்று.

அரைச்சுற்று எழுதியது:

நானும் இதே கட்சிதான். வெறும் வயிறு வேண்டாம், எனக்கு அதில் இன்னும் சீக்கிரம் குமட்டும். எண்ணெய் இல்லாமல் கொஞ்சமாகச் சாப்பிட்டு, ஒன்றரை மணி நேரம் விட்டு ஏறுவேன். இஞ்சி மிட்டாயை வாயில் அடக்கிக்கொள்வேன், ஆனால் வரிசையில் நிற்கும்போது மட்டும். ஓடும் ராட்டினத்தில் வாயில் எதுவும் இருக்கக் கூடாது, தொண்டையில் சிக்கிக்கொள்ளும். குமட்டலுக்கென்று மணிக்கட்டை அழுத்துகிற மாதிரி கட்டும் பட்டையும் கட்டிப் பார்த்தேன். வேலை செய்ததா, கட்டியிருக்கிறோம் என்ற தெம்பு வேலை செய்ததா, தெரியாது.

நெம்புகோல் எழுதியது:

அக்கா, நான் பல வருடம் ஒரு தீம் பார்க்கில் ராட்டினம் ஓட்டியவன். கம்பியைப் பூட்டிவிட்டுப் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் முகங்களை ஒரு தடவை பார்ப்பது எங்களுக்குப் பழக்கம். கத்துகிறவர்களைப் பற்றிக் கவலையே இல்லை. பேச்சு அடங்கி, உதட்டைச் சுற்றி வெளுத்து, கொட்டாவி விடுகிறாரே, அவர்தான் ஆள். கொட்டாவியைக் கூட வந்தவர்கள் அலுப்பு என்று நினைத்துவிடுவார்கள். வாயில் நீர் ஊறுவதைப் போல அதுவும் முன்கூட்டியே வரும் அறிகுறிதான்.

கண் விஷயத்துக்கு வருகிறேன். அக்காவும் அத்தானும் சொன்னது இரண்டுமே சரி, வெவ்வேறு ராட்டினத்துக்கு. ஒவ்வொரு காதுக்குள்ளும் திரவம் நிரம்பிய மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் அவை சொல்லிவிடும். அவற்றை ஒட்டி, சுண்ணாம்புத் துகள்கள் படிந்த இரண்டு சின்ன உறுப்புகள். முன்னே பாய்வது, ஏறி இறங்குவது, சாய்வது எல்லாம் அவற்றின் பொறுப்பு. கண் தன் பங்குக்கு ஒன்று சொல்லும். காது சொல்வதும் கண் சொல்வதும் மூளை எதிர்பார்த்ததும் ஒத்துப்போகாதபோதுதான் வயிறு புரள்கிறது. அதனால் ஏறுவதற்கு முன் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதில் நகரப்போவது என் உடம்பா, திரையில் ஓடும் வெறும் படமா?

ரோலர் கோஸ்டரில் நகர்வது உடம்பு. அங்கே கண் பொய் சொல்வதில்லை. மூடினால் அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்றே தெரியாமல் போய்விடும். வண்டி ஓட்டுகிறவருக்குக் குமட்டுவது அபூர்வம், பின்சீட்டில் உட்கார்ந்தவருக்குத்தான் குமட்டும். காரணம் இதேதான், ஓட்டுகிறவருக்கு வளைவு முன்கூட்டியே தெரியும். கண்ணைத் திறந்து, தண்டவாளம் அடுத்து எங்கே திரும்புகிறது என்று பாருங்கள். தலையைப் பின்பக்க மெத்தையோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பெட்டி வேண்டாம், இறக்கத்தில் அதைத்தான் முன்பெட்டிகள் இழுத்து வீசும். முதல் வரிசையில் பாதை நன்றாகத் தெரியும், அந்தத் தைரியம் இல்லையென்றால் நடுவில் உட்காருங்கள். இதில் ஒரு வேடிக்கை. பார்க்கப் பயங்கரமாக இருக்கிற கோஸ்டரைவிட, சாதுவாகத் தெரிகிற கோப்பையில்தான் எங்களுக்குக் கழுவுகிற வேலை அதிகம்.

அந்தக் கோப்பைக்கு வருவோம். வாளித் தண்ணீரில் கையை விட்டுச் சுழற்றுங்கள், கையை எடுத்த பிறகும் தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கும் அல்லவா? காதுக் குழாயிலும் அதுதான் நடக்கிறது. ஒரே வேகத்தில் கொஞ்ச நேரம் சுற்றினால் திரவமும் அதே வேகத்துக்கு வந்துவிடும், "சுற்றுவது நின்றுவிட்டது" என்று காது சொல்லும். ஆனால் கண் முன்னால் எல்லாம் சுற்றிக்கொண்டிருக்கும். கோப்பை நின்றதும் நிலைமை தலைகீழாகும். திரவம் ஓடிக்கொண்டே இருப்பதால், நிற்கிற உலகம் சுற்றுவதுபோல் தெரியும். இது போதாதென்று பலவற்றில் கோப்பை தனியாகவும் அடித்தளம் தனியாகவும் சுற்றும்.

இதில் எதுவும் செய்யாமல் இருந்தாலே பாதி பிழைத்துவிடலாம். நடுவில் இருக்கிற சக்கரத்தைத் திருப்பத் திருப்பக் கோப்பை வேகமெடுக்கும். மகளிடம் முதலிலேயே பேசி வையுங்கள், நீங்கள் கூட இருக்கும் சுற்றில் அதைத் தொடக் கூடாது என்று. வெளியே வேடிக்கை பார்க்காதீர்கள். அந்தச் சக்கரத்தையோ அவள் முகத்தையோ பாருங்கள், அவை உங்களோடு சேர்ந்தே சுற்றுவதால் கண்ணுக்கு அசையாமல் நிற்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், சுற்றும்போது தலையைக் குனியவோ பக்கவாட்டில் சாய்க்கவோ கூடாது. கீழே விழுந்த தொப்பியை எடுக்கக் குனிந்து அப்படியே வாந்தி எடுத்தவர்கள் நிறையப் பேர். ஒரு திசையில் சுற்றிக்கொண்டிருக்கும்போது தலையை இன்னொரு திசையில் சாய்த்தால் குழாய்கள் அத்தனையும் குழம்பிப்போகும். அதைவிட வேகமாக ஆளைக் கவிழ்ப்பது எதுவும் இல்லை.

ஊஞ்சல் கப்பலில் விஷயமே வேறு. வேகமான குலுக்கல் அவ்வளவாகக் குமட்டாது, மெதுவான ஆட்டம்தான் குமட்டும். ஏறக்குறைய 0.2 ஹெர்ட்ஸ், அதாவது ஐந்து நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்குவது மனிதருக்கு ஆகவே ஆகாது. கடலில் கப்பல் ஆடுவதும் அந்தக் கணக்கில்தான், பெரிய ஊஞ்சல் கப்பல்களும் அதற்குப் பக்கத்தில்தான் ஆடும். பிள்ளைகள் இரண்டு முனைகளுக்கும் ஓடுவார்கள். நீங்கள் நட்டநடு வரிசையைப் பிடியுங்கள், அங்கே ஏறி இறங்கும் உயரம் ரொம்பக் குறைவு.

அப்புறம், எந்த ராட்டினத்துக்குப் பிறகு எதில் ஏறுகிறோம் என்பதும் உண்டு. குமட்டல் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேரும். வெளியே தெரியாமல் அடங்கிவிட்டாலும் உள்ளே சில மணி நேரம் பாக்கி இருக்கும், அடுத்த ராட்டினத்தில் அது சீக்கிரமே வெளிப்படும். சுற்றுவதை எல்லாம் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கியதும் நிழலில், தலைக்கு அண்டக்கொடுத்து உட்காருங்கள். எடுத்த படங்களைப் பார்க்கக் கைப்பேசியில் குனியாதீர்கள். மெதுவாக, ஒரே சீராக மூச்சு விடுவதும் நிஜமாகவே உதவுகிறது.

மருந்துச்சீட்டு எழுதியது:

நான் மருந்தாளர். மேலே இருப்பவர் கண்ணைப் பார்த்துக்கொண்டார், மாத்திரையை நான் சொல்கிறேன்.

ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு இந்தக் குமட்டல் சாதாரணமாகவே கூடுதல். பெண்களுக்கும் கூடுதல், மாதவிடாய் நாட்களில் இன்னும் கொஞ்சம். தேதியை மாற்ற முடியுமென்றால் யோசியுங்கள்.

இதற்கு வழக்கமாகக் கொடுப்பவை டைமென்ஹைட்ரினேட், மெக்லிசின், சின்னாரிசின் போன்றவை. எல்லாமே பழைய வகை ஒவ்வாமை மருந்துகள். டைமென்ஹைட்ரினேட் இந்த வேலைக்கு வந்ததே தற்செயலாகத்தான். 1940-களின் கடைசியில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் தோல் தடிப்புக்காக அதைச் சாப்பிட்ட ஒரு கர்ப்பிணி, டிராமில் வரும்போது தனக்கு வழக்கமாக வரும் குமட்டல் வரவில்லை என்று சொல்லியிருக்கிறார். தூக்கம் வராத புது ஒவ்வாமை மாத்திரைகளைப் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். அவை மூளைக்குள் அவ்வளவாகப் போவதில்லை, அதனால்தான் தூக்கம் வருவதில்லை, அதனாலேயே இதற்கும் உதவுவதில்லை.

குமட்ட ஆரம்பித்த பிறகு மாத்திரை போட்டுப் பயனில்லை, அதற்குள் வயிறு வேலைநிறுத்தம் செய்திருக்கும். டைமென்ஹைட்ரினேட் என்றால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால், மெக்லிசின் என்றால் ஒரு மணி நேரம் முன்னால். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமைன் பட்டையும் உண்டு. குறைந்தது நான்கு மணி நேரம் முன்னால் ஒட்ட வேண்டும், மூன்று நாள் வரை நிற்கும். அதை மருத்துவர் எழுதித் தந்தால்தான், பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது.

தூக்கம் வரும்தான், ஆளுக்கு ஆள் அளவு மாறும். எனவே போகிற அன்றைக்கு முதல்முறையாகப் போடாதீர்கள். அதற்கு முன் ஒரு விடுமுறை நாளில் வீட்டிலேயே போட்டு, எவ்வளவு தூக்கம் வருகிறது என்று பார்த்துவிடுங்கள். திரும்பி வரும்போது வண்டியை வேறு யாராவது ஓட்டட்டும். தலைவலிக்கு நீங்கள் ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளை மருத்துவரிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள். கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள் கேட்காமல் தொடவே கூடாது. மகளுக்கு அளவு வேறு, சில பிள்ளைகள் இதைப் போட்டால் தூங்குவதற்குப் பதிலாகத் துள்ளிக் குதிப்பார்கள். அதையும் மருத்துவரே முடிவு செய்யட்டும். ஒன்பது, பத்து வயதில் இந்தத் தொல்லை உச்சத்தில் இருக்கும், பெரும்பாலும் வளர வளரக் குறையும்.

இஞ்சி, மணிக்கட்டுப் பட்டை இரண்டிலும் ஆய்வுகள் ஆளுக்கொன்றாகச் சொல்கின்றன. மணிக்கட்டுப் பட்டையால் கெடுதல் இல்லை. இஞ்சியாலும் மிட்டாய் அளவில் பெரிதாகக் கெடுதல் இல்லை.

இறங்கிய பின்னும் நாள்கணக்கில் தலைசுற்றல் போகவில்லை, படுக்கையில் புரண்டாலே அறை சுற்றுகிறது என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். கடுமையான தலைவலி, கழுத்துவலி, நாக்குக் குழறல், கை கால் மரத்துப்போவது என்றால் அன்றைக்கே, தாமதிக்காமல்.

பைக்காவலர் எழுதியது:

நெம்புகோல் தம்பி, மருந்துச்சீட்டு, அரைச்சுற்று மூன்று பேருக்கும் நன்றி. கண்ணை மூடி எனக்குச் சரியானது ஒரு திரைப்பட ராட்டினத்தில்தான், மோசமானது கோஸ்டரில். இப்போது புரிகிறது.

இரண்டு சந்தேகம். திரை வைத்த ராட்டினம் என்றாலே கண்ணை மூடிவிடலாமா? அப்புறம், நடுவில் தாங்க முடியாமல் போனால் நிறுத்தச் சொல்லலாமா, திட்டுவார்களா?

நெம்புகோல் எழுதியது:

இருக்கை நின்ற இடத்திலேயே ஆடி, படம் மட்டும் பறக்கிற வகை என்றால் தாராளமாக மூடலாம். முழுக்க மூட மனமில்லை என்றால் திரையின் ஓரத்தையோ முன்னிருக்கையின் முதுகையோ பாருங்கள், படம் வெறும் படமாகிவிடும். ஆனால் திரையும் இருந்து உடம்பையும் நிஜமாகச் சுற்றுகிற வகை ஒன்று உண்டு. அமெரிக்காவில் எப்காட் பூங்காவில் 2003-ல் திறந்த மிஷன் ஸ்பேஸ் அப்படிப்பட்டது. ஆட்களை ஒரு பெரிய சுழல் இயந்திரத்தில் வைத்துச் சுற்றுவார்கள், உள்ளே வாந்திப் பையும் இருக்கும். கண்ணை மூடாதீர்கள், தலையைப் பின்பக்க மெத்தையோடு ஒட்டி வைத்து நேராகத் திரையைப் பாருங்கள் என்பதுதான் அங்கே அறிவுரை. சுற்றுகிற உணர்வைத் திரைதான் மறைக்கிறது, மூடினால் சுழற்சி மட்டும் மிஞ்சும். 2006-ல் சுற்றாத வகை ஒன்றையும் பக்கத்திலேயே கொடுத்துவிட்டார்கள். எனவே வாசலில் வைத்திருக்கும் எச்சரிக்கைப் பலகையைப் படியுங்கள், புரியவில்லை என்றால் நிற்கிற ஊழியரிடம் "இது சுற்றுமா?" என்று கேளுங்கள்.

நிறுத்துவது பற்றி. கோப்பையும் கப்பலும் என்றால் இயக்குபவர் நினைத்தால் நிறுத்தலாம். அவரைப் பார்த்துக் கையை உயர்த்தி ஆட்டுங்கள். கப்பல் உடனே நிற்காது, ஆட்டம் அடங்கக் கொஞ்ச நேரம் ஆகும். கோஸ்டர் கிளம்பிவிட்டால் ஒரு சுற்று முடிந்துதான் இறங்க முடியும். ஆகவே சந்தேகம் இருந்தால் கம்பி பூட்டும்போதே சொல்லிவிடுங்கள். வரிசையில் அவ்வளவு நேரம் நின்றுவிட்டோமே என்று யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. கம்பியைத் திறந்துவிட எங்களுக்குச் சில நொடிதான். இருக்கையைக் கழுவி, துடைத்து, காயவிட்டு மறுபடி ஆளேற்ற வேண்டும் என்றால் பின்னால் நிற்கிறவர்கள்தான் திட்டுவார்கள்.

சின்ன பிளாஸ்டிக் உறை ஒன்றை மடித்து ஜிப் வைத்த பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பையை மேலே கொண்டுபோக விடமாட்டார்கள். இந்தத் தடவை பையைக் காவல் காக்க அத்தான் இருக்கிறார் இல்லையா?

பைக்காவலர் எழுதியது:

அத்தானுக்கு விஷயம் இன்னும் தெரியாது. அங்கே போன பிறகு சொல்லிக்கொள்ளலாம்.