அனகிராமுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

ஆங்கில நாளிதழில் வரும் பூடகக் குறுக்கெழுத்தை (கிரிப்டிக்: குறிப்பில் ஒரு பகுதி விடையின் பொருள், மற்றது சொல் விளையாட்டு) பல வருடங்களாகத் தினமும் போட்டு வருகிறேன். இப்போது வீட்டுப் பிள்ளைகளுக்காக அதே பாணியில் தமிழில் கட்டிப் பார்க்கிறேன். கட்டுவதைக்கூடச் சமாளித்துவிடலாம், கட்டியதை விளக்குவதுதான் பெரும்பாடு. விளக்காமலும் விட முடியாது, பாதிப் படிப்பே அதில்தான். 'கொடு மான், குளத்துப் பூ (3)' என்று ஒரு குறிப்பு; அடைப்பில் இருப்பது விடையின் எழுத்து எண்ணிக்கை. தா + மரை, தாமரை. மரை என்றால் திருகாணியோடு வருவது, சிலருக்குத் தலையில் கழல்வது என்று மட்டுமே எனக்குத் தெரியும். அது மானில் ஒரு வகை என்பதை இந்த வயதில் ஒரு கட்டத்துக்குள்தான் கற்றேன்.

இப்போது இதைப் பாருங்கள்:

பாட்டு வேண்டுமா? கலைத்து விதைக! (3)

மேலோட்டமாகப் படித்தால் ஏதோ உழவருக்கான யோசனை. 'விதைக' என்பதன் 3 எழுத்தையும் இடம் மாற்றினால் 'கவிதை'. 'பாட்டு' அதன் பொருள். 'கலைத்து' மட்டும் விடையில் எங்கும் வராது. செய்ய வேண்டியதைக் காதோடு சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது 'அனகிராம்' என்று வாயெடுத்தாலே தமிழ்ப் புதிர் என்கிற கெத்து போய்விடுகிறது. எனக்கு 3 பெயர்கள் வேண்டும்: அந்த வித்தைக்கு ஒன்று, இடம் மாறக் காத்திருக்கும் 'விதைக' போன்றதற்கு ஒன்று, 'கலைத்து' போன்ற ஏவல் சொல்லுக்கு ஒன்று.

பக்கத்து வீட்டு வித்தைகளுக்கெல்லாம் பெயர் இருக்கிறது. தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூலில், எழுத்தை வைத்து வித்தை காட்டும் பாடல்களுக்கான சித்திரகவிப் பகுதியைப் புரட்டினால் போதும். இரு பக்கமிருந்து படித்தாலும் ஒன்றே வந்தால் மாலைமாற்று. சம்பந்தர் 'யாமாமாநீ யாமாமா' என்று பதிகமே பாடியிருக்கிறார். ஒன்றுக்குள் ஒன்று ஒளிந்திருந்தால் கரந்துறை. 'சங்கடம் உள்ளே ஒரு வாத்தியம் (3)' என்று கடத்தைக் கேட்பதற்கு அந்தப் பெயர் பொருந்தும். முதலெழுத்தைக் கழித்துக்கொண்டே போவது அக்கரச்சுதகம்: கனகாரி, நகாரி, காரி என்று ஒரே வரியில் நரசிங்கர், முருகன், ஐயனார் மூவரும் வந்துவிடுவார்கள். (கனகாரியில் க போனால் மிஞ்சுவது றன்னகரம், பாட்டில் வருவதோ தந்நகரம். இன்றைக்கு நான் அப்படி ஒரு குறிப்பு கட்டினால் பேரனே சண்டைக்கு வருவான்.) எழுத்தைக் கலைத்து அடுக்குவதற்கு ஏற்ற பெயர்தான் அங்கே அகப்படவில்லை.

என் முன்மொழிவு: கலைசொல். கலைந்த சொல், கலைகின்ற சொல், கலையும் சொல். வினைத்தொகை என்பதால் ச் மிகாது. சிரிக்காமல் யோசித்துச் சொல்லுங்கள்.

*

> வினைத்தொகை என்பதால் ச் மிகாது.

ஐயா, சிரிக்காமல் எப்படி இருப்பது? கலைச்சொல் குழுவுக்குக் கலைசொல்லா? இலக்கணம் சரிதான். ஆனால் அவசரத் தட்டச்சில் ஒற்றை விடாதவர் நம்மில் யார்? நாளைக்கு ஒருவர் 'இதற்குக் கலைசொல் தருக' என்று எழுதினால் எழுத்தைக் கலைத்துத் தருவதா, பெயர் சூட்டித் தருவதா?

வகுப்பில் நடத்தியதையே நினைத்துப் பாருங்கள். சிவிறி விசிறியானது, தசை சதையானது, மிஞிறு ஞிமிறானது, எல்லாம் எழுத்து நிலைமாற்றம். அதையே எடுத்து 'நிலைமாற்று' என்று வைக்கலாமே. பிடிக்காவிட்டால் பிறழ்சொல் அல்லது குலைசொல். குலைசொல் என்றால் வாழைக்குலை நினைவுக்கு வரும்; எழுத்தும் கொத்தாகத்தானே இருக்கிறது, வரட்டும்.

*

> அதையே எடுத்து 'நிலைமாற்று' என்று வைக்கலாமே.

அம்மா, எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஆனால் சிவிறி விசிறியான பிறகும் வருவது அதே காற்று. எழுத்து இடம் மாறியும் பொருள் மாறாதிருப்பது நிலைமாற்றம். புதிரில் பொருள் மாறியே தீர வேண்டும். 'கலைந்த தசை (2)' என்று கேட்டுவிட்டு விடை 'சதை' என்றால் போடுகிறவர் பேப்பரை விசிறியடிப்பார்.

பிறழ் என்றாலே தப்பு நடந்துவிட்ட வாடை: நெறி பிறழ்ந்தான், நாப்பிறழ்ந்தது. குலைவதும் அப்படியே. மானம் குலையும், சீர் குலையும். குலைந்தது பழையபடி கூடுவது அபூர்வம். சீட்டு மேசையில் யாராவது 'குலைத்துப் போடு' என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? கலைத்துப் போடு என்போம். கலைத்த பிறகும் 52 சீட்டும் கையில் இருக்கும், போனது வரிசை மட்டும். அனகிராமுக்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியவில்லை. ஆகவே கலை என்ற வினையை நான் விடுவதாக இல்லை.

ஒற்று விஷயத்தில் தோற்றேன். கலைசொல்லைத் திரும்பப் பெறுகிறேன். வித்தையின் பெயர் எழுத்துக்கலைப்பு, பழகினால் வெறும் கலைப்பு. முன்னொட்டாக 'எழுத்து' அவசியம் என்று நினைக்கிறேன். தமிழ்க் கட்டத்தில் உட்காருவது உயிரோ மெய்யோ உயிர்மெய்யோ, ஒரு முழு எழுத்து. அரசமரத்துக்குள் 'சமர்' கரந்துறைகிறது என்று ஒருவர் எனக்கு அனுப்பினார். அங்கே இருப்பது ர, ர் இல்லை. கணினிக்கும் இதைச் சொல்லி வைக்க வேண்டும். யூனிகோடில் கவிதை 5 குறியீடுகள்: க, வ, இகரக் குறி, த, ஐகாரக் குறி. எழுத்தென்று எண்ணாமல் குறியீடென்று எண்ணிக் கலைக்கும் நிரலில் இகரக் குறி தனியே கழன்று, புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது.

'விதைக' போன்றதற்கு மூலம் என்று எழுதிப் பார்த்தேன், வைத்தியர் ஞாபகம் வந்தது. சரக்கு போதும். நாட்டு மருந்துக் கடையில் இடித்துச் சேர்க்குமுன் இருப்பதும் சரக்குதானே. (வேறு சரக்கை நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.) 'கலைத்து' போன்ற ஏவல் சொல்லுக்குக் கலைப்புக்குறி. சுட்டி என்று வைக்கலாமென்றால், அதை ஏற்கெனவே கணினி எலிக்கும் இணைய இணைப்புக்கும் கொடுத்துவிட்டோம்.

உங்கள் குலையையும் கைவிடவில்லை. பெயராக வேண்டாம், கலைப்புக்குறியாக வேலைக்கு வைத்துக்கொள்கிறேன்:

தகவு குலைந்தால் சாத்த வேண்டியது (3)

நாளைக் காலைப் பேப்பர் விழுவதற்குள் விடை வரட்டும்.

அன்புடன்.