பிஎஸ்எல்இ 22: போஸ்டிங் குரூப் 2ஆ, 3ஆ?

ஈசூன் அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். மகனுக்கு பிஎஸ்எல்இ, அதாவது சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி முடிக்கும்போது எழுதும் தேர்வின் முடிவு வந்துவிட்டது. மொத்தம் 22. பாடத்துக்கு ஒரு ஏஎல், அதாவது 1 முதல் 8 வரையான நிலை, எண் குறைந்தால் நல்லது: தமிழில் ஏஎல் 4, கணிதத்தில் ஏஎல் 5, ஆங்கிலத்தில் ஏஎல் 6, அறிவியலில் ஏஎல் 7. மொத்தம் 21 அல்லது 22 வந்தவர்கள் போஸ்டிங் குரூப் (உயர்நிலைப் பள்ளியில் சேர்க்கும் பிரிவு) 2, 3 இரண்டில் ஒன்றை அவர்களே தேர்ந்தெடுக்க வேண்டுமாம். முடிவு வந்ததிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான்.

நாங்கள் கும்பகோணத்துக்காரர்கள், இங்கே நிரந்தரவாசிகள். நான் படித்த ஊர்ப் பள்ளியில் பத்தாவது வரைக்கும் எல்லாருக்கும் ஒரே புத்தகம், ஒரே தேர்வு. பன்னிரண்டு வயதுப் பிள்ளை எந்தப் பாடத்தை எந்த நிலையில் படிக்க வேண்டும் என்று பெற்றோர் யோசிக்கும் முறை எனக்குப் புதிது. "மூன்று கிடைக்கும்போது எதற்கு இரண்டு? கூட இருக்கும் பிள்ளைகள் நன்றாகப் படித்தால் இவனும் படிப்பான்" என்கிறார் என் கணவர். "குரூப் 2 என்பது முன்பு மதிப்பெண் குறைந்தவர்களைப் போட்ட பழைய வழக்கநிலைதான், பெயரை மட்டும் மாற்றிவிட்டார்கள்" என்று மேல்மாடி அக்கா சொல்கிறார். மகன் வாயே திறப்பதில்லை. கணக்கை நான் சொல்லாமலே எடுத்துப் போடுவான். அறிவியல் புத்தகத்தை மட்டும் தொடவே மாட்டான்.

குரூப் 2 எடுத்தால் கணிதத்தையும் தமிழையும் ஜி1, ஜி2, ஜி3 என்ற பாட நிலைகளில் கடினமான ஜி3 நிலையில் படிக்க முடியுமா? பிறகு பலதுறைத் தொழிற்கல்லூரிக்கு (பாலிடெக்னிக்) போக வழி இருக்குமா? விண்ணப்பத்தில் போட வேண்டிய ஆறு பள்ளிகளை எப்படி வரிசைப்படுத்துவது? பிள்ளைகள் இப்போது உயர்நிலையில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

செலேத்தார் டெக்னீஷியன்:

சகோதரி, என் மகள் இப்போது உயர்நிலை 2, குரூப் 2. நான் 1990களின் கடைசியில் வழக்கநிலைத் தொழில்நுட்பப் பிரிவில் படித்தவன். பழைய முறையை நான் அனுபவித்தேன், புதியதை அவள் அனுபவிக்கிறாள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் அக்கா சொன்னது. என் காலத்தில் பிஎஸ்எல்இ மொத்தத்தை வைத்து விரைவுநிலை, வழக்கநிலை ஏட்டுக்கல்வி, வழக்கநிலைத் தொழில்நுட்பம் என்று மேலிருந்து கீழாகப் பிரித்துத் தனித்தனி வகுப்பில் உட்கார வைத்தார்கள். எனக்குக் கணக்கு நன்றாக வரும், ஆங்கிலம்தான் கீழே இழுத்தது. ஆனால் வகுப்பே தொழில்நுட்பம் என்பதால் கணக்கும் அந்த நிலைக் கணக்காகத்தான் கிடைத்தது. அப்பாவுக்குத் துறைமுகத்தில் இரவு வேலை. பள்ளியிலிருந்து கடிதம் வந்தால் அம்மா அதைப் பக்கத்து வீட்டில் கொடுத்துப் படிக்கச் சொல்வார். என்னை மேலே ஏற்றலாமா என்று போய்க் கேட்க ஆளில்லை. விரைவுநிலைப் பிள்ளைகளோடு நான் பேசியதெல்லாம் திடலில் பந்து விளையாடும்போதுதான். பிறகு தொழில்நுட்பக் கல்விக் கழகம், தேசிய சேவை, வேலை பார்த்துக்கொண்டே மாலை நேரத்தில் டிப்ளோமா. இன்றைக்கு விமானப் பராமரிப்பில் இருக்கிறேன். வந்து சேர்ந்துவிட்டேன், ஆனால் சுற்றி வந்த வழி மிக நீளம்.

2024-இல் உயர்நிலை 1 சேர்ந்தவர்களிலிருந்து அந்த மூன்று பிரிவுகளும் இல்லை. போஸ்டிங் குரூப் என்பது எந்தப் பள்ளியில் இடம், தொடக்கத்தில் எந்த நிலைப் பாடம் என்ற இரண்டுக்குத்தான். வகுப்பில் மூன்று குரூப் பிள்ளைகளும் கலந்து இருக்கிறார்கள். ஓவியம், இசை, உடற்கல்வி, குடியியல், பட்டறைப் பாடம், சமையல் பாடம் எல்லாம் ஒன்றாக. பாட நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படிப் போகிறது. மொழிகள், கணிதம், அறிவியல் என்று வரும்போது அவரவர் நிலை வகுப்புக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். என் மகளுக்கு மிக நெருங்கிய தோழி குரூப் 3. என் பள்ளி நாட்களில் அது நடந்தே இருக்காது. "நீ ஜி எத்தனை?" என்று பிள்ளைகள் கேட்டுக்கொள்வது மட்டும் இன்னும் போகவில்லை, அது எனக்கு வருத்தம்தான்.

உங்கள் மகன் விஷயம். பிஎஸ்எல்இ-யில் ஸ்டாண்டர்ட் நிலையில் (எளிதாக்கிய அடிப்படை நிலை அல்ல) எழுதிய பாடம் ஒன்றில் ஏஎல் 5 அல்லது அதைவிட நல்லது வந்திருந்தால், குரூப் 2-இல் இருந்தாலும் அந்தப் பாடத்தை உயர்நிலை 1 தொடக்கத்திலிருந்தே ஜி3 நிலையில் படிக்கலாம். அதாவது கணிதமும் தமிழும் ஜி3, ஆங்கிலமும் அறிவியலும் ஜி2. குரூப் 3 எடுத்தால் ஏஎல் 7 வாங்கிய அறிவியலும் முதல் நாளே ஜி3. புத்தகத்தையே தொடாத பிள்ளைக்கு அது தண்டனை. நானாக இருந்தால் குரூப் 2 எடுப்பேன், கொஞ்சமும் தயங்காமல்.

பள்ளித் தேர்வைப் பார்த்தாலும் அதுதான் நல்லது. ஒரே மொத்தம் உள்ள இரண்டு பேர் ஒரு பள்ளியின் கடைசி இடத்துக்கு வந்தால், முதலில் குடியுரிமை பார்ப்பார்கள்: குடிமக்கள், பிறகு நிரந்தரவாசிகள், பிறகு வெளிநாட்டவர். அதிலும் சமம் என்றால் பள்ளியை எத்தனையாவது விருப்பமாகப் போட்டீர்கள் என்று பார்ப்பார்கள், அதன் பிறகு கணினிக் குலுக்கல். குரூப் 3-இல் 22 என்பது ஆகக் கடைசி விளிம்பு. அங்கே சமநிலை வந்தால் நிரந்தரவாசியான உங்கள் மகன் பின்னால் தள்ளப்படுவான். குரூப் 2-இல் அதே 22 மேல்வரிசை. வீட்டுக்குப் பக்கத்திலேயே நல்ல பள்ளி கிடைக்க வாய்ப்பு அதிகம். கல்வி அமைச்சின் ஸ்கூல்ஃபைண்டர் பக்கத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் போன ஆண்டு எந்த மொத்தம் வரை எடுத்தார்கள் என்று குரூப் வாரியாக இருக்கும். அதைப் பார்த்து முதல் இரண்டு இடத்தில் ஆசைப்பட்டதையும், அடுத்தவற்றில் நிச்சயம் கிடைக்கக்கூடியதையும் போடுங்கள்.

பலதுறைத் தொழிற்கல்லூரிக்கு வழி இருக்கிறது, ஆனால் ஆங்கிலத்தை விட்டுவிடக் கூடாது. 2027 முதல் சாதாரண நிலை (ஓ லெவல்), வழக்கநிலை (என் லெவல்) தேர்வுகளுக்குப் பதிலாக எல்லாருக்கும் ஒரே உயர்நிலைக் கல்விச் சான்றிதழ் (எஸ்இசி), பாடத்துக்கு ஏற்ற நிலையில். 2028 சேர்க்கையிலிருந்து தொழிற்கல்லூரி முதலாண்டுக்குக் கணக்கில் எடுக்கும் ஐந்து பாடங்களில் ஒன்று ஜி2-ஆக இருக்கலாம். ஆங்கிலம் உட்பட மற்ற நான்கும் ஜி3. ஆகவே உயர்நிலை 3-க்குள் ஆங்கிலத்தை ஜி3-க்கு ஏற்ற வேண்டும். பள்ளித் தேர்வில் நன்றாகச் செய்தால் ஏற்றுகிறார்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியை:

தம்பி எழுதியதைப் படித்தேன். அந்த வகுப்புகளில் பாடம் நடத்தியவள் நான், அதனால் ஒன்று சொல்ல வேண்டும். பிரித்துப் படிக்க வைப்பது பிள்ளைகளை மட்டம் தட்டுவதற்காக வந்த முறை இல்லை. 1979-இல் அறிக்கை தந்த, அப்போதைய துணைப் பிரதமர் டாக்டர் கோ கெங் சுவீ தலைமையிலான குழு பார்த்தபோது, இரண்டு மொழிகளையும் ஒரே வேகத்தில் கற்க முடியாமல் ஏராளமான பிள்ளைகள் படிப்பையே விட்டுக்கொண்டிருந்தார்கள். பிரித்த பிறகு அப்படி விடுவது மிகவும் குறைந்தது. ஆனால் ஒரு பாடத்தில் பின்தங்கிய பிள்ளை எல்லாப் பாடத்திலும் பின்தங்கியதாக எடுத்துக்கொள்ளப்பட்டது. தமிழில் அவ்வளவு அழகாகக் கட்டுரை எழுதும் பையன், வகுப்பின் பெயரைச் சொல்ல வெட்கப்பட்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். தொடக்கப்பள்ளியில் 2008-லேயே அந்தப் பிரிவுகளை எடுத்துவிட்டார்கள். உயர்நிலையில் எடுக்க இன்னும் பதினாறு ஆண்டு ஆனது.

அம்மா, உங்களுக்கு ஒரு யோசனை. பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது அங்கேயே தமிழ் வகுப்பு உண்டா என்று கேளுங்கள். எல்லா உயர்நிலைப் பள்ளியிலும் இல்லை. இல்லாவிட்டால் பள்ளி முடிந்த பிறகு பிள்ளை பீட்டி ரோட்டில் இருக்கும் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்துக்குப் போக வேண்டியிருக்கும். நல்ல இடம், நல்ல ஆசிரியர்கள், பல பள்ளிப் பிள்ளைகளின் நட்பும் கிடைக்கும். ஆனால் ஈசூனிலிருந்து டோபி காட்டில் ரயில் மாறி ஃபேரர் பார்க்கில் இறங்க வேண்டும், திரும்பி வீடு வர இருட்டிவிடும். இணைப்பாட நடவடிக்கை நாட்களோடு அது மோதினால் பிள்ளை களைத்துப்போகும். தமிழில் ஏஎல் 4 வாங்கியிருக்கிறான். அந்தப் பலம் களைப்பில் கரையக் கூடாது.

இன்னொன்று, ஏஎல் 6 என்பது 45-இலிருந்து 64 வரை. அவனுடைய ஆங்கிலம் 64-ஆ 46-ஆ என்பது முடிவுத் தாளில் இருக்காது. தொடக்கநிலை 6 ஆங்கில ஆசிரியருக்கு அவன் எழுத்து தெரியும். பள்ளியை விடுவதற்கு முன் அவரிடம் பேசிவிடுங்கள்.

பொங்கோல் சாரா அம்மா:

நாங்கள் போன ஆண்டு 21-க்கு குரூப் 3 எடுத்தோம். மகளுக்கு மூன்று பாடத்தில் ஏஎல் 5, அறிவியலில் மட்டும் ஏஎல் 6. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மட்டம், அவளும் குரூப் 3 வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள். எங்களுக்கு அது சரியாகவே அமைந்தது. ஒரு பாடம் மிகவும் கடினமாகிவிட்டால் பிறகு ஜி2-க்கு மாறுவதற்கும் இடம் இருக்கிறது என்று பள்ளியில் சொன்னார்கள்.

ஆனால் முதலாண்டு சுலபம் இல்லை, அதை மறைக்க மாட்டேன். அறிவியலுக்கும் கணிதத்துக்கும் துணைப்பாட வகுப்பு சேர்த்தோம். சனிக்கிழமை முழுவதும் அதிலேயே போனது. சிங்கப்பூர்க் குடும்பங்கள் தனியார் துணைப்பாடத்துக்கு 2023-இல் செலவழித்தது 180 கோடி வெள்ளி என்று குடும்பச் செலவின ஆய்வில் வந்தது. எங்கள் வீட்டுக் கணக்கைப் பார்த்தபோது அந்த எண் எனக்கு ஆச்சரியமாக இல்லை. பாடங்களை நிலை நிலையாகப் பிரித்தது நல்லதுதான். ஆனால் கீழ் நிலையிலிருந்து மேலே ஏறவும், மேல் நிலையில் தாக்குப்பிடிக்கவும் காசு உள்ளவர்களுக்கு ஒரு கை கூடவே இருக்கிறது. இதைப் பள்ளிகளால் மட்டும் தீர்க்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்தியச் சமூகத்துக்கான சுய உதவிக் குழுவான சிண்டாவின் ஸ்டெப் துணைப்பாட வகுப்புகள் உயர்நிலைப் பிள்ளைகளுக்கும் உண்டு, கட்டணம் தனியாரைவிட மிகக் குறைவு. ஜனவரிக்கு முன்பே விசாரித்துவிடுங்கள் அக்கா.

ஏஎல் 7 இருக்கும் பிள்ளைக்கு என்றால் நானும் குரூப் 2-தான் சொல்வேன்.

ஈசூன் அம்மா:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. செலேத்தார் அண்ணன் எழுதியதை என் கணவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். நிரந்தரவாசி விஷயம் அவருக்குத் தெரியவே தெரியாது. மகன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். "அப்போ கணக்கு ஜி3 பிள்ளைகளோடதானா?" என்று கேட்டான். ஆமாம் என்றதும் அவனே குரூப் 2 என்று சொல்லிவிட்டான். தமிழ் வகுப்பு உள்ள, பேருந்தில் போய்வரக்கூடிய பள்ளிகளாகப் பட்டியல் போடுகிறேன். டீச்சரம்மா சொன்னபடி நாளைக்கே ஆங்கில ஆசிரியரையும் பார்க்கிறேன். அண்ணே, உங்கள் மகளுக்கு ஆங்கிலத்தை எப்படி ஏற்றினீர்கள்? எங்கள் வீட்டில் தமிழ் மட்டும்தான்.

செலேத்தார் டெக்னீஷியன்:

வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்தவே நிறுத்தாதீர்கள், எங்கள் வீட்டிலும் தமிழ்தான். மகள் நூலகத்திலிருந்து அவளே எடுக்கும் புத்தகங்களைப் படிப்பாள், காற்பந்து வீராங்கனைகள் பற்றியதாக இருந்தாலும் சரி என்று விட்டுவிட்டோம். படித்ததை இரவு எனக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், நான் தமிழில் கேள்வி கேட்பேன். பள்ளியில் எழுதிய கட்டுரையை ஆசிரியர் திருத்திக் கொடுத்ததும் அதை மறுபடி முழுதாக எழுதச் சொல்வேன். இந்த ஆண்டு தொடக்கத்தில் ஜி3 ஆங்கிலத்துக்கு மாறினாள்.

அப்புறம், அரையாண்டுத் தேர்வுகள் இப்போது எந்த நிலையிலும் இல்லை. பிள்ளை பின்தங்குவது ஆண்டிறுதியில்தான் தெரிந்தது என்று ஆகிவிடக் கூடாது. முதல் பெற்றோர் சந்திப்புக்கு நீங்கள் இருவருமே போங்கள். ஆங்கில ஆசிரியரிடம் கேளுங்கள்: ஜி3-க்கு மாற எத்தனை மதிப்பெண் வேண்டும், எந்தத் தேர்வெல்லாம் கணக்கில் வரும், இப்போது இவன் எங்கே நிற்கிறான். பதிலைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.