மொட்டைக் கோபுரத்தை இடித்தது யார்?

ராயகோபுரத்தான்:
பழம்படப் பித்தன் நேற்று நம் டெல்டாக் கட்டடக் குழுவில் ஏற்றிய படத்தைப் பார்த்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஸ்ரீரங்கத்துத் தெற்கு ராஜகோபுரம் மொட்டையாக நின்ற காலத்துக் கறுப்பு வெள்ளைப் படம். அதன் கீழே, "1311இல் மாலிக் காபூர் தகர்த்த கோபுரம், படம் எடுத்தவர் டிரைப், 1858" என்று ஒரு வரி. இடிப்பதற்கு முதலில் கட்டியிருக்க வேண்டாமா? அந்தக் கோபுர வேலை விஜயநகர மன்னர் அச்சுத தேவராயர் காலத்தது. அவர் பட்டத்துக்கு வந்ததே 1529இல். அவருக்குப் பின் கல் வேலையோடு நின்றுபோனது. அகோபில மடத்தின் 44ஆவது பட்டம் அழகியசிங்கர் 1979இல் மறுபடி தொடங்கி, 1987 மார்ச் 25இல் குடமுழுக்கு நடந்தது. 13 நிலை, 236 அடி. இடித்தவன் யாருமில்லை.

பழம்படப் பித்தன்:
சரி ஐயா, மாலிக் காபூர் இல்லையென்றால் வேறு யாரோ. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேல்விளிம்பு பல்லும் பள்ளமுமாக இருக்கிறது. வேலை நின்றுபோன சுவர் மட்டமாக அல்லவா இருக்கும்? அது உடைப்பு.

ராயகோபுரத்தான்:
அது செடி. கல் இடுக்கில் அரசும் ஆலும் முளைத்தால் விளிம்பு அப்படித்தான் தெரியும். கோபுரம் கட்டும் முறையாவது தெரியுமா? அடியிலிருந்து கூரை மட்டம் வரை கருங்கல். அதற்கு மேல்தான் செங்கல், சுண்ணாம்பு, சுதை. இடித்திருந்தால் செங்கல் அடுக்கின் மிச்சம் மேலே நிற்க வேண்டும். உங்கள் படத்தில் ஒரு செங்கல்லைக் காட்டுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

பழம்படப் பித்தன்:
கறுப்பு வெள்ளைப் படத்தில் செங்கல் எது, கல் எது என்று உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிகிறது? ஞானக்கண்ணா? உடைப்பு உடைப்புதான்.

தஞ்சைவாசி:
செடியோ உடைப்போ, எங்கள் ஊர்ப் பெரிய கோயிலில் 1010லேயே விமானத்தை முடித்துக் கலசமும் வைத்துவிட்டார்கள். 1987 வரை வேலையை இழுத்தவர்கள் கோபுரம் கட்டும் முறையைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்கள்.

ராயகோபுரத்தான்:
வந்துவிட்டார். தம்பி, போன மாதம் பெரிய கோயிலின் கேரளாந்தகன் வாசல் படத்தைப் போட்டு இராசராசன் வாசல் என்று எழுதியது யார்? ஐந்து நிலைக்கும் மூன்று நிலைக்கும் வேறுபாடு தெரியாதவர் பேசுகிறார். எங்கள் மொட்டைக் கோபுர வாசலின் நிலைக்கால்கள் ஒவ்வொன்றும் 40 அடிக்கு மேல், ஒரே கல். முடிந்திருந்தால் 300 அடியை நெருங்கியிருக்கும் என்று இந்தியக் கட்டடக்கலை வரலாறு எழுதிய பெர்குசனே எழுதியிருக்கிறார்.

தஞ்சைவாசி:
"இருந்தால்" என்று அளப்பதென்றால் நாங்களும் 500 அடி அளப்போம்.

குடந்தைக்காரி:
ஒரு சந்தேகம். இது 1858ஆம் ஆண்டுப் படம் என்றால் வலது ஓரத்தில் மின்கம்பம் எப்படி வந்தது? இன்னொன்று, டிரைப் மெழுகு பூசிய காகித நெகடிவில் எடுத்தவர். வெளிச்சம் பதிய வெகுநேரம் பிடிக்கும். அதனால் நடந்து போகிறவர்கள் படத்தில் விழவே மாட்டார்கள், தெருவெல்லாம் ஆளில்லாமல் கிடக்கும். இந்தப் படத்தில் குடை பிடித்து நடப்பவரின் செருப்பு வார் வரை தெரிகிறது.

பழம்படப் பித்தன்:
யார் எடுத்தால் என்ன அம்மா? நான் பேசுவது மேல்விளிம்பைப் பற்றி.

தஞ்சைவாசி:
டிரைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அவருக்கே எங்கள் ஊர்தான் முக்கியமாகத் தெரிந்திருக்கிறது.

ராயகோபுரத்தான்:
டிரைப் ஸ்ரீரங்கத்தையும் எடுத்தார். பேச்சை மாற்ற வேண்டாம். வெளிச்சுற்றில் தெற்கு வாசல் மட்டுமா மொட்டை? வடக்கே போங்கள், கிழக்கே போங்கள், மேற்கே போங்கள், அவையும் முடியாதவைதான். உள்ளே வந்தால் வெள்ளைக் கோபுரம் முழுதாக நிற்கிறது. இடிக்க வந்தவன் வெளியே நான்கையும் ஒரே மட்டத்தில் நறுக்கிவிட்டு, உள்ளே இருப்பதைக் கும்பிட்டுவிட்டுப் போனானா?

பழம்படப் பித்தன்:
1752ஐ மறந்துவிட்டீர்கள். ஆர்க்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சாந்தா சாகிப்புக்கு ஆதரவாக வந்த பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கத்தில்தான் முகாம் போட்டது. பீரங்கி இல்லாமலா வந்தார்கள்? உடைப்புக்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

ராயகோபுரத்தான்:
நேற்று மாலிக் காபூர், இன்று பிரெஞ்சுக்காரன், நாளை யார்? அந்தப் படையின் தலைவர் ஜாக் லா அங்கே ஒடுங்கிக் கிடந்து ஆங்கிலேயரிடம் சரணடைந்தார். அந்த நிலையில் இருந்தவருக்குத் தம் தலைக்கு மேலிருக்கும் கோபுரத்தையே சுடுவதுதான் வேலையா? செடி ஐயா, செடி.

குடந்தைக்காரி:
என்னைக் கேட்டால், மொட்டையாக இருந்தபோது அந்தக் கல்லுக்கு இருந்த கம்பீரம் இப்போதைய வண்ணப் பூச்சில் இல்லை. பழைய படங்களைப் பார்க்கும்போதெல்லாம் இதைத்தான் நினைக்கிறேன்.

ராயகோபுரத்தான்:
அம்மா, கோபுரத்துக்கு வண்ணம் பூசுவது நேற்று வந்த வழக்கமில்லை. உங்கள் சாரங்கபாணி கோபுரத்துக்குப் பூசவில்லையா? ஊருக்கு ஊர் ஒரு நியாயமா?

கடைமடை:
டெல்டாக் கட்டடங்களுக்கான இடத்தில் ஸ்ரீரங்கம் எதற்கு? திருச்சி டெல்டாவா என்ன?

ராயகோபுரத்தான்:
முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிவதே எங்கள் தீவின் தலைமாட்டில். தலை இல்லாமல் உங்களுக்கு உடம்பு ஏது?

கடைமடை:
தலையில் இருப்பவர்கள் குடித்தது போக மிச்சம்தான் எங்களுக்கு. ஆடியில் அணை திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர்வதற்குள் நாற்றங்கால் காய்ந்துவிடுகிறது. இதில் கோபுரப் பெருமை வேறு.

குடந்தைக்காரி:
இப்போது மடை வரைக்கும் வந்துவிட்டோம். மின்கம்பத்துக்கு இன்னும் பதில் இல்லை.

பழம்படப் பித்தன்:
அதே படத்தை மறுபடி ஏற்றியிருக்கிறேன், இம்முறை சிவப்பு வட்டம் போட்டு. கண் உள்ளவர்கள் உடைப்பைப் பார்க்கலாம்.

ராயகோபுரத்தான்:
பார்த்தேன். வட்டத்துக்குள் இருப்பது இலை. காம்பு கூடத் தெரிகிறது. தஞ்சைவாசிக்கு ஒன்று: பெரிய கோயில் நந்தி மண்டபம் நாயக்கர் காலத்தது. அதையும் சோழர் கணக்கில் எழுதி வைத்திருக்கிறீர்கள்.

தஞ்சைவாசி:
நான் எங்கே அப்படி எழுதினேன்? எடுத்துக் காட்டுங்கள்.